இருபத்திரண்டு காப்பாற்றப்பட்ட வரலாறு

உண்மையைக் கண்டுபிடித்த நிலையங்கள் உலகத்தில் ஏராளம். கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே அதை அறிவித்துவிட்ட பெருமை ஒரே ஒரு நிலையத்துக்குத்தான் உண்டு. கரிமக் குறைகடத்தி உயர் ஆய்வு நிலையம் என்பது அதன் பெயர். பெயரில் உள்ள 'உயர்' என்ற சொல்லுக்குப் பங்கம் வராதபடி அது ஐந்தாவது மாடியில் இயங்கியது. லிஃப்ட் எப்போதும் பழுதாகவே இருந்ததால் அங்கே வருகிற பிரமுகர்கள் வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடிதான் உள்ளே நுழைவார்கள். புகைப்படத்தில் அது வியப்பு மாதிரியே விழும். லிஃப்டைச் சரிசெய்ய வேண்டாம் என்று விளம்பர அதிகாரி கேட்டுக்கொண்டதற்கு அதுவே காரணம்.

நிலையத்தின் திருப்பணி என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்துக்கு வைத்த ஒரு குழாய்த் திருகு. திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். ஒரு கைபேசிக்குள் இப்படிக் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வழக்கமாக இதைச் சிலிக்கானில் செய்கிறார்கள். அது விறைப்பான ஆசாமி, மடக்கினால் உடைந்துவிடும். கரிமப் பொருளில் செய்தாலோ மை மாதிரிக் கரைக்கலாம், பிளாஸ்டிக் தாளில் பூசலாம், சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். குறை ஒன்றுதான். அதற்குள் மின்சாரம் மெதுவாக நகரும். எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைச் சொல்ல ஓர் எண் இருக்கிறது, நகர்திறன் என்று. அந்த எண் பெரியதாக இருந்தால் பொருள் நல்ல பொருள், அதைச் செய்தவர் நல்லவர், அவருடைய இயக்குநர் மிக மிக நல்லவர்.

இந்த நல்ல பொருள்களை வடிவமைத்தவர் ஓர் அம்மையார். நிலையத்தில் அவருக்கு 'அறுகோணம்' என்று பெயர். பேருந்துச் சீட்டு, பிஸ்கட் உறை, கணவரின் கடை ரசீது என்று எது கையில் கிடைத்தாலும் அதில் அறுகோணம் அறுகோணமாக வரைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பார். அந்த அறுகோணங்கள்தான் மூலக்கூறின் முதுகு. முதுகு தட்டையாக இருந்தால் மூலக்கூறுகள் தட்டு மேல் தட்டாக ஒழுங்காய் அமரும். மின்சாரமும் தட்டுக்குத் தட்டு தாவிப் போகும். முதுகுக்குப் பக்கத்தில் ஒரு வால் வேண்டும், கரைவதற்காக. வால் குட்டையானால் கரையாது. நீண்டுவிட்டால் அடுக்கு தளர்ந்து மின்சாரம் தடுமாறும். அந்த வால் எந்த இடத்தில் கிளை பிரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மாற்றியதில் அறுகோணத்தின் இளமை செலவாகிவிட்டது. அவர் அதைப் பற்றி வருத்தப்பட்டதில்லை. வேறு எதில் செலவழித்திருந்தாலும் போயிருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

அப்படி உருவான பொருள்களில் இரண்டு உருப்படியாக நின்றன. அறுகோணத்தின் வீட்டில் அவற்றை 'மூத்தது', 'இளையது' என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

மூத்தது அடக்கமானது. ஒரு பிளாஸ்டிக் தாளில் பூசி ஜன்னலோரம் போட்டு வைத்தால் மாதக் கணக்கில் அப்படியே வேலை செய்யும். காற்று, ஈரம், வெயில் எதைப் பற்றியும் புகார் கிடையாது. இளையது செல்லம் கொடுத்து வளர்த்தது. நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்ளே, ரப்பர் கையுறைக்குள் கைவிட்டு வேலை பார்க்கிற இடத்தில் மட்டுமே அது உயிரோடு இருக்கும். வெளியே எடுத்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இரண்டையும் அளந்து பார்த்து எண் சொல்லுகிற பொறுப்பு வேறொருவருடையது.

அவரை 'செங்குத்து' என்பார்கள். அளவைப் பிரிவின் தலைவர். எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் அதில் கோடு செங்குத்தாக ஏறுகிற இடத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும் அபூர்வத் திறமை அவருக்கு. மின்னழுத்தம் கூடக் கூட வரைபடத்தில் கோடு ஏறும். அந்த ஏற்றத்தின் சரிவிலிருந்துதான் நகர்திறனைக் கணக்கிட வேண்டும். எந்த இடத்துச் சரிவு என்பது அவரவர் தெய்வ நம்பிக்கையைப் பொறுத்தது. செங்குத்துக்கு நம்பிக்கை அதிகம்.

மூத்தது அவரை ஏமாற்றியது. அதன் கோடு தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே சீராக, அலுப்பூட்டும் நேர்மையோடு ஏறியது.

"இதுல மேடே இல்லையே மேடம்," என்றார் செங்குத்து, மருத்துவர் நோயாளியின் உறவினரிடம் பேசுகிற குரலில். "நான் எங்கேன்னு அளக்கிறது?"

இளையது கைகொடுத்தது. அதன் கோடு கொஞ்ச தூரம் படுத்தே கிடந்து, திடீரென்று எழுந்து விறுவிறுவென்று ஏறி, பிறகு களைத்துச் சாய்ந்தது. செங்குத்து அந்த விறுவிறுப்பான துணுக்கின் மேல் அளவுகோலை வைத்தார். அந்தத் துணுக்கு பென்சில் முனை அகலத்துக்குத்தான் இருந்தது. ஆனால் வந்த எண் இருபத்திரண்டு. உலகம் முழுக்க அதுவரை இரண்டு, மூன்று என்று முனகிக்கொண்டிருந்த காலம் அது.

இயக்குநர் உடனே வரவழைக்கப்பட்டார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இன்னொரு தடவை அளந்து பார்க்கலாமா சார்?" என்று கேட்டார் அறுகோணம்.

"எதுக்கு?"

"உறுதிப்படுத்திக்க."

"மேடம், நல்ல சேதி வந்தா நாம ரெண்டாவது தடவை கேக்கறதில்லை," என்றார் இயக்குநர். "அது அவநம்பிக்கை."

செய்தி வெளியானது. விளம்பர அதிகாரி பதாகை அடித்து ஐந்தாவது மாடியிலிருந்து தொங்கவிட்டார். '22' என்ற எண்ணின் வால் முதல் மாடி ஜன்னலை மறைத்தது. அங்கே இருந்த காப்பீட்டு அலுவலகத்தில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டார்கள். அறுகோணத்தின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பத்திரிகைச் செய்தியை வெட்டிக் கண் பரிசோதனை அறையில், எழுத்துகள் சிறியதாகிக்கொண்டே போகும் அட்டைக்குக் கீழே ஒட்டினார்.

"கடைசி வரி படிங்க."

"சரியா தெரியலையே."

"உலக சாதனைன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுல பண்ணது. சரி, இப்ப இந்தக் கண்ணாடியைப் போட்டுப் படிங்க."

வியாபாரம் சுமாராகக் கூடியது. மனிதர் உண்மையாகவே பூரித்துப்போயிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து, "உங்க வீட்டுக்காரம்மா என்ன வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தவர் அவர். இப்போது ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

இந்த மகிழ்ச்சிக்கு நடுவில்தான் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

அழைத்தது வேறோர் ஊரில், வேறோர் ஆய்வகத்தில் தற்காலிக வேலையில் இருந்த ஒரு பெண். குரலில் தூக்கம் இல்லாத கரகரப்பு.

"அக்கா, உங்களுக்கு என்னைத் தெரிஞ்சிருக்காது. உங்க பொருளை நீங்க கட்டுரையில எழுதின மாதிரியே செஞ்சு பார்த்தேன். வாலோட கிளை, கரைசல், சூடு, எல்லாம் அச்சு அசல். எனக்கு ஒண்ணரைதான் வருது."

"ஒண்ணரையா?"

"எத்தனையோ தடவை செஞ்சுட்டேன்க்கா. ஒண்ணரைக்கு மேல ஏறவே மாட்டேங்குது. இங்க எனக்கு ஒண்ணரைன்னே பேர் வச்சுட்டாங்க. 'ஒண்ணரை வந்துட்டாளா'ன்னு கேக்கறாங்க. நான் எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க. வேற யாருக்கோ பதினேழு வந்திருக்காம், இன்னொருத்தருக்கு இருபதாம். எனக்கு மட்டும்தான் வரல. வேலையை நீட்டிக்கலாமான்னு யோசிக்கறாங்க."

அறுகோணம் அவளுடைய வரைபடத்தை அனுப்பச் சொன்னார். வந்தது. கச்சிதமான வேலை. அந்தப் பெண் கோட்டின் நீளமான, அமைதியான பகுதி முழுவதையும் எடுத்துச் சரிவைக் கணக்கிட்டிருந்தாள். மேட்டை ஒதுக்கியிருந்தாள்.

அன்று செங்குத்து விடுப்பில் இருந்தார். அறுகோணம் அளவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தாமே இளையதை அளந்தார். பிறகு மூத்ததை அளந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

விஷயம் எளிமையானது. பொருளும் உலோகக் கம்பியும் சேருகிற இடத்தில் முதலில் மின்சாரம் அடைபட்டு நிற்கிறது. அழுத்தம் கூடியதும் அந்த இடம் சட்டென்று திறந்துகொள்ள, நின்றதெல்லாம் ஒரே நேரத்தில் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் மேடு. நெரிசலான பேருந்தின் கதவு திறந்ததும் முண்டியடித்து இறங்குகிறவர்களைப் பார்த்து, இந்த ஊரில் எல்லாரும் ஓட்டப்பந்தய வீரர்கள் என்று அறிவித்த கதைதான் இருபத்திரண்டு. இறங்கியவர்கள் அதற்கப்புறம் சாவகாசமாகத்தான் வீட்டுக்கு நடந்து போகிறார்கள். அந்த நடையை அளந்தால் இளையதுக்கு ஒன்றரை.

மூத்ததுக்கு ஒன்றே முக்கால்.

அவர் அதை மறுபடியும் கணக்கிட்டார். ஒன்றே முக்கால்தான். மந்தம் என்று மூலையில் உட்கார வைத்த மூத்தது, உண்மையில் சாதனை படைத்த இளையதைவிட வேகமாக ஓடியது. அதுவும் காற்றில், வெளியில், எந்தப் பெட்டியும் இல்லாமல். ஜன்னலோரம் கிடந்த அந்தத் தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார் அறுகோணம். பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசியது தவறு என்று உறைத்த பெற்றவர்களுக்கு முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போயிருந்தது அவர் முகம்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"நீ தப்பே பண்ணலம்மா. எனக்கும் ஒண்ணரைதான் வந்துச்சு."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"யார்கிட்டயும் இப்ப சொல்லாதே. நான் சொன்னேன்னு வெளியில வந்தா இங்க எல்லாரும் உஷாராயிடுவாங்க. நானே மீட்டிங்ல வச்சுப் பேசறேன்."

"சரிக்கா. சொல்ல மாட்டேன்க்கா," என்றாள் அவள்.

மீட்டிங் நடந்தது. நிலையத்தின் வரலாற்றில் அவ்வளவு அறிவார்ந்த மீட்டிங் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. அறுகோணம் வரைபடத்தைத் திரையில் போட்டு, மேட்டைக் காட்டி, கம்பி சேருகிற இடத்துக் கோளாறை விளக்கி, ஒன்றரை என்று முடித்தார். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

முதலில் பேசியவர் செங்குத்து. கோபமே படவில்லை.

"மேடம் சொல்றதை நான் மறுக்கல. வரைபடத்துல சமமான இடமும் இருக்கு. ஆனா ஒரு மலையோட உயரம் என்னன்னு கேட்டா உச்சியைத்தான் சொல்வோம். அடிவாரத்தைச் சொல்றது மலைக்குப் பண்ற துரோகம்."

"நாம அளக்கறது உயரம் இல்ல சார். வேகம்."

"வேகத்துக்கும் உச்சி உண்டு மேடம்."

விளம்பர அதிகாரி கை தூக்கினார். "ஒண்ணரைன்னா அரையை எப்படிப் பெருசா போடறது? ஒண்ணுன்னு போட்டா பக்கத்துல ஏதோ அழிஞ்சு போன மாதிரி இருக்கும். பதாகையில பாதி வெறும் துணிதான் தொங்கும்."

"எண்ணைத் திருத்தி ஒரு அறிவிப்புக் குடுத்துடலாம் சார்," என்றார் அறுகோணம் இயக்குநரைப் பார்த்து.

இயக்குநர் இரு கைகளையும் கோத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். கனமான விஷயங்களுக்கு மட்டும் அப்படிச் செய்வார்.

"திருத்தறது நல்ல விஷயம்தான் மேடம். ஆனா தப்பு இருந்தாத்தானே திருத்துவாங்க? நாம திருத்தினா தப்பு இருந்துச்சுன்னு ஆயிடும். தப்பே இல்லாம இருக்கணும்னா திருத்தாம இருக்கறதுதான் வழி."

"தப்பு இருக்கே சார்."

"பதினேழுன்னு ஒரு நிலையம் சொல்லியிருக்கு. இருபதுன்னு இன்னொண்ணு சொல்லியிருக்கு. எல்லாரும் மேட்டுலதான் அளந்திருப்பாங்கன்னு நீங்களே சொல்றீங்க. இவ்வளவு பேர் சேர்ந்து செஞ்சா அதுக்குப் பேர் தப்பு இல்ல மேடம். அதுக்குப் பேர் முறை."

"ஒரு பொண்ணோட வேலை போகப்போகுது சார். சரியா அளந்ததுக்காக."

"அது வேற நிலையத்தோட உள்விவகாரம். நாம தலையிட்டா மரியாதையா இருக்காது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இருபத்திரண்டுக்கு இனி 'உச்ச நகர்திறன்' என்று பெயர். ஒன்றரைக்குப் பெயர் வைக்கும் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒருமனதாக என்று எழுத வேண்டுமானால் அறுகோணமும் சம்மதிக்க வேண்டும் அல்லவா? அதற்காக இயக்குநர் அவரைத் தனியாகத் தன் அறைக்கு அழைத்து, கதவைத் தாமே சாத்தினார்.

"அந்த இன்னொரு பொருள், ஜன்னல்ல கிடக்குமே, அது மேல உங்களுக்கு ஒரு இதுன்னு எனக்குத் தெரியும்," என்றார் கனிவாக. "அதுக்குத் தனி அறை தர்றேன். புது அச்சு இயந்திரம் தர்றேன். ரெண்டு ஆள் தர்றேன். இந்த நிலையத்துக்கு நிதி வர்றது இருபத்திரண்டால. இருபத்திரண்டு இருந்தா உங்க மூத்த பிள்ளை பிழைக்கும். இல்லேன்னா ரெண்டும் போயிடும். நீங்களே சொல்லுங்க."

மூத்தது என்ற பெயர் அவர் காதுவரை எப்படிப் போனது என்று அறுகோணத்துக்குப் புரியவில்லை. ஆனால் அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் அறுகோணத்துக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒண்ணரைன்னா ரொம்ப மோசமா?"

"மோசம் இல்லீங்க. நல்ல எண்தான். மூத்தது அதைவிட நல்லா இருக்கு."

"அப்ப எதுக்குக் கவலைப்படறே?"

"நாம சொன்னது பொய்யுங்க."

கணவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் அன்பானவர். தமக்குத் தெரிந்த வகையில் ஆறுதல் சொன்னார்: "நீ சொல்லலையேம்மா. செங்குத்து சார்தானே சொன்னாரு. நீ வரைஞ்சே, அவ்வளவுதான். இப்ப போய் இல்லேன்னா நான் கடையில எப்படி முகம் காட்டறது? எல்லாரும் அந்த வரியைப் படிச்சுட்டாங்க. கண்ணு தெரியாதவங்ககூடப் படிச்சுட்டாங்க."

அறுகோணம் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு சண்டை போடுவது கஷ்டம். மறுநாள் சம்மதம் சொன்னார். மூத்ததைக் காப்பாற்றிவிட்டு அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார். பொய்க்கு இருக்க இடம் கொடுத்து, உண்மைக்கு வாடகை கட்டும் தொலைநோக்கு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அறை வந்தது. இயந்திரமும் வந்தது. செங்குத்து தலைமை ஆலோசகராக உயர்த்தப்பட்டதால் அளவைப் பிரிவில் ஓர் இடம் காலியாகி, விளம்பரமும் வந்தது: 'துல்லியத்தில் சமரசம் செய்யாத அளவையாளர் தேவை.'

நேர்காணலுக்கு வந்தவர்களில் கடைசியாக உள்ளே நுழைந்த பெண், படியேறிய களைப்பில் மூச்சு வாங்கினாள். குரலைக் கேட்டதும் அறுகோணத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒண்ணரை. அவளுடைய வேலையை நீட்டிக்கவில்லை. நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். உட்கார்ந்ததும் அறுகோணத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளவில்லை.

"எங்க பொருளை நீங்களும் அளந்திருக்கீங்க போல," என்றார் இயக்குநர். "எவ்வளவு வந்துச்சு?"

"ஒண்ணரை சார்."

"எங்களுக்கு இருபத்திரண்டு வந்துச்சு."

"தெரியும் சார்."

"இருபதரை எங்க போச்சு?"

அவள் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். அறுகோணத்தின் பக்கம் திரும்பவில்லை. தாம் சொன்னதாகச் சொல்லாதே என்று அறுகோணம் போனில் கேட்டுக்கொண்டதை அவள் ஓர் ஆணை மாதிரி காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் அறுகோணத்தின் விரல் தம் முழங்காலில் அறுகோணம் போட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், நீங்க ஏதாவது கேக்கறீங்களா?" என்றார் இயக்குநர்.

அறுகோணம் கேட்டார். நல்ல கேள்வியாகவே கேட்டார். பதில் அவளுடைய வாயிலிருந்து வந்துவிட்டால் தம் வேலை பாதியாகக் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. "வரைபடத்துல சரிவுக் கோட்டை எந்த இடத்துல போடுவீங்க?"

"நீளமா, சீரா இருக்கற பகுதி முழுக்கப் போடுவேன் மேடம். மேட்டுல போட மாட்டேன்."

"ஏன் போட மாட்டீங்க?" என்றார் செங்குத்து.

"மேடு, கம்பி சேர்ற இடத்துக் கோளாறு சார். பொருளோட குணம் இல்ல. அதை வச்சு எண் சொன்னா வேற யாராலயும் அந்த எண்ணை எடுக்க முடியாது."

இயக்குநர் மெதுவாகத் திரும்பினார்.

"நீங்கதான் பொருளை வடிவமைச்சவங்க. இவங்க சொல்றது சரியா மேடம்?"

ஒரு சொல் போதும். ஆம் என்றால் இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும். அவ்வளவு சின்ன வேலை. அறுகோணத்துக்குப் பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. முதல் தடவையாக மூத்ததை மையாக ஊற்றி நீளமான தாளில் அடித்துக்கொண்டிருந்தார்கள். தாள் ஒழுங்காக வருகிறது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

"அது ஒரு கருத்து," என்றார் அறுகோணம்.

பெண் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள். அறுகோணம் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் பிடித்தார்.

"அம்மா, கொஞ்சம் நில்லு. நான் மீட்டிங்ல பேசினேன். நிஜமா பேசினேன். அவங்க கேக்கல."

"பேசியிருப்பீங்கக்கா. எனக்குத் தெரியும்."

"உள்ள அப்படிச் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு வருஷம் போகட்டும். மூத்தது வெளியில வந்ததும் நானே எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

"மூத்ததுன்னா யாருக்கா?"

அறுகோணம் விளக்கினார். ஒண்ணரை ஆர்வத்தோடு கேட்டாள். ஒன்றே முக்கால், அதுவும் வெளிக்காற்றில் என்றதும் அவள் கண் விரிந்தது. தன் வேலை போன விஷயத்தையே ஒரு நிமிஷம் மறந்து, "அக்கா, அது பெரிய விஷயம்க்கா," என்றாள். அந்தப் பொருளை முதன்முதலில் மனதாரப் பாராட்டியவள் அவள்தான். அதைக் கேட்டபிறகு அறுகோணத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இனி என்ன பண்ணப் போறே?"

"எடைத் தராசு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. தராசு சரியா காட்டுதான்னு பார்க்கற வேலை. அங்க ஒண்ணரைன்னா ஒண்ணரைதானாம்க்கா," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். இறங்கும்போது மூச்சு வாங்கவில்லை.

வருஷம் போனது. மூத்தது அறுகோணத்தைக் கைவிடவில்லை. தாள் தாளாக அச்சாகிச் சுருள் சுருளாக வந்தது. மடக்கினார்கள், கசக்கினார்கள், ஈரத்துணியில் சுற்றி வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் பிறகும் ஒன்றே முக்கால் என்றது. காயத்தின் சூட்டைக் காட்டுகிற பிளாஸ்திரி செய்யலாம் என்று ஒரு கம்பெனிக்காரர் ஐந்து மாடி ஏறி வந்தார். அந்த வேலைக்கு அரை இருந்தாலே தாராளம் என்பது அவருக்கே தெரியும்.

அறுகோணம் சுருளை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"அருமையா இருக்கே. எவ்வளவு?"

"ஒண்ணே முக்கால்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "வாசல்ல இருபத்திரண்டுன்னு போட்டிருக்கு?"

"அது வேற பொருள். அதைப் பெட்டியை விட்டு வெளியில எடுக்க முடியாது."

"அதைப் பத்தி நான் கேக்கலைங்க. உங்ககிட்ட இருபத்திரண்டு இருக்கறப்ப எனக்கு ஏன் ஒண்ணே முக்காலைத் தள்ளி விடறீங்க? நாங்க சின்னக் கம்பெனிதான். அதுக்காகக் கழிச்சதைக் குடுக்கலாமா?"

"உங்க வேலைக்கு அரையே போதும் சார்."

"போதும்தான். இருபத்திரண்டு இருந்தா இன்னும் நல்லாப் போதுமே?"

இருபத்திரண்டு என்பது ஒன்றரைதான், இது அதைவிட மேல் என்று சொல்ல அறுகோணம் வாயைத் திறந்தார். கம்பெனிக்காரரின் பக்கத்தில் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். விளம்பர அதிகாரி நின்றுகொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பதாகை காற்றில் அடித்துக்கொண்டது. தாம் சொல்லாமல் விட்ட காலம் முழுவதும் அந்த எண் சும்மா தொங்கிக்கொண்டிருக்கவில்லை, வளர்ந்துகொண்டிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது யார் சொன்னாலும், பொருள் விற்கவில்லை என்ற ஆத்திரத்தில் சொல்லுகிற மாதிரிதான் இருக்கும். திறந்த வாயை மூடிக்கொண்டார். கம்பெனிக்காரர் சுருளை மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தும் அதற்கடுத்தும் வந்தவர்கள் இதையே கேட்டார்கள். அறையை வேறு பிரிவுக்குக் கொடுத்தார்கள். சுருள்கள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. அங்கேயும் அவை கெடாமல்தான் இருக்கின்றன. கெட்டுப்போயிருந்தால் அறுகோணத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிலையத்தின் ஆண்டு விழாவில் இயக்குநர் தழுதழுத்த குரலில் பேசினார். இருபத்திரண்டு என்ற சிகரத்தை இத்தனை வருஷத்தில் உலகத்தில் எவராலும் தொட முடியவில்லை என்றார். அது அப்பட்டமான உண்மை. அந்த நிலையத்தின் சார்பில் சொல்லப்பட்டவற்றில் எங்கே வைத்து அளந்தாலும் மாறாதது அது ஒன்றுதான். அதைத் தொட்டுச் சாய்க்கக்கூடியவர்களாக இரண்டே பேர்தான் அந்த ஐந்தாவது மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி படியிறங்கிப் போய்த் தராசு பார்த்துக்கொண்டிருக்கிறாள். மற்றது அலமாரியில் இருக்கிறது.

பிறகு அறுகோணத்தை மேடைக்கு அழைத்துப் பலத்த கைதட்டலுக்கு நடுவே ஒரு பெரிய கேடயம் கொடுத்தார்கள். முன்வரிசையில் கணவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுகோணம் கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டு, புகைப்படத்துக்கு நின்றார்.

பரிசைத் தேர்ந்தெடுத்தவரின் ரசனையைப் பாராட்டத்தான் வேண்டும். இத்தனை காலமும் அந்த எண்ணின் மேல் ஒரு கீறல் விழாமல், வந்த இரண்டு அம்பையும் தடுத்து நின்ற கேடயம் அவர்தானே.